லேலம் வகைப் பாக்கி

ஒன்பது பணமும் இரண்டு சக்கரமும். ரசலையன் சபைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவுதான். பணம் ஒன்றுக்கு நாலு சக்கரம் என்று வைத்தால் முப்பத்தெட்டு சக்கரம். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ஏறக்குறைய எட்டு நாள் கூலி. எட்டு நாள் கூலியை ஒருவன் பதின்மூன்று வருஷம் கட்டாமல் வைத்திருந்தான் என்றால், ஒன்று அவன் மோசக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் ஏதோ மனத்தாங்கல் இருக்க வேண்டும். ரசலையன் மோசக்காரன் இல்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றாறு, மாசி மாதம். கும்பப்பூ அறுப்பு முடிந்து வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை நடந்தது. அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். நெல்லுக்கட்டு, வாழைக்குலை, மரச்சீனிக்கிழங்கு, கரும்பு, கோழி, முட்டை, பூசணிக்காய். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து லேலம் விடுவார்கள். கிழக்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் அதை ஏலம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது லேலம்தான். கையில் காசில்லாதவன் பேரைச் சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். அடுத்த அறுப்புக்குள் கட்டினால் போதும்.

ரசலையனின் பெண்சாதி ஞானபாய் அப்போது பிள்ளை பெற்றுப் பதினாறு நாள். பால் ஊறவில்லை. கோழிச்சாறு வைத்துக் கொடு என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். முற்றத்து ஓரத்தில் வாய் கட்டின ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. உள்ளே ஏதோ பிறாண்டியது. கோழிதான், அதுவும் கனத்த கோழி என்று ரசலையன் மனதுக்குள் முடிவு கட்டினான்.

“பெட்டியோட கேளுங்க மக்கா,” என்றார் லேலம் விட்டவர். “உள்ள கெடக்கது என்னன்னு கர்த்தருக்கும் கொண்டுவந்து வச்சவங்களுக்கும்தான் தெரியும்.”

இரண்டு பணத்தில் தொடங்கினான். எதிரே நின்ற இரண்டு மூன்று பேர் ஏற்றிக்கொண்டே போனார்கள். இவனும் விடவில்லை. வீட்டில் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் காதில் நிற்கும்போது எவன் விடுவான்? ஒன்பது பணம் இரண்டு சக்கரத்தில் போய் நின்றது. பெட்டியை அவிழ்த்தால் உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. எதிரே நின்று ஏற்றினவர்கள் அத்தனை பேருக்கும் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று முதலிலேயே தெரியும்.

“ஏலே ரசலையா, சாறு வச்சா எனக்கும் ஒரு செரட்டை தந்திரு!”

முற்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நின்றுதான் ரசலையன் சத்தியம் போட்டான், இந்தக் காசைச் செத்தாலும் கட்டமாட்டேன் என்று.

குட்டியை வழியில் வாய்க்கால் கரையில் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தான். அது பின்னாலேயே வந்துவிட்டது. கோழி எங்கே என்று ஞானபாய் கேட்டாள். நடந்ததைச் சொன்னான். பிரசவம் ஆன நாள்முதல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“லேலத்துல வந்ததுக்கு லேலம்னே பேரு கெடக்கட்டும்,” என்றாள்.

குழந்தைக்கு லீலாபாய் என்று பேர் வைத்தார்கள். நாயும் பிள்ளையும் ஒரே பாயில் வளர்ந்தன. பிள்ளைக்கு வாய் திறந்தபோது முதலில் வந்தது அப்பாவும் இல்லை, அம்மையும் இல்லை. நாயைப் பார்த்து “லே” என்றது. நாயைக் கூப்பிடவும் லே. பசித்தாலும் லே. தகப்பனைப் பார்த்தாலும் லே. “பெத்த அப்பனையே லேங்குதா பாரு, துணிஞ்சவ,” என்பாள் ஞானபாய். மூன்று வயதுவரை அந்த வீட்டில் லே கேட்டது. பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் பிள்ளையோடு அதுவும் போயிற்று.

ஊருக்கு அந்த நாய் வேடிக்கையானது இன்னொரு விதத்தில். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையன்று, லேலம் தொடங்குமுன், பாக்கிக்காரர்களின் பட்டியலை உபதேசியார் கோயிலுக்குள் நின்று வாசிப்பார். நாய் வெளியே வாசல்படிக்குக் கீழே படுத்திருக்கும். “ரசலையன், லேலம் வகையில், பாக்கி ஒன்பது பணம் இரண்டு சக்கரம்,” என்று வாசித்ததும், தன் பேரைக் கேட்ட நாய் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே நேராக நடந்து உள்ளே வரும். வந்து ரசலையனின் பாயோரம் உட்கார்ந்துகொள்ளும்.

“கடன்காரன் எழும்பாட்டாலும் கடன் எழும்பி வந்துட்டு,” என்பார் அப்போதைய உபதேசியார் யோவான். கோயில் குலுங்கும். வருஷத்தில் அந்த ஒருநாள் ஜெபத்துக்கு வராதவன்கூட அதைப் பார்க்க வந்தான்.

முதல் சில வருஷம் ரசலையன் ரோஷத்தில் கட்டவில்லை. நடுவில் சில வருஷம் இல்லாமையில் கட்டவில்லை. ஆயிரத்து நூற்றைந்தில் ஞானபாய் இருமி இருமிச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு ஒருதரம் கையில் காசும் இருந்தது, ரோஷமும் தேய்ந்து போயிருந்தது. ஆனாலும் கட்டவில்லை. அவள் வைத்த பேர் வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்குள் எல்லார் காதும் கேட்க வாசிக்கப்படுகிறது. காசைக் கட்டினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தரம் சிரிப்பார்கள்.

அந்த வருஷந்தான் யோவான் உபதேசியார் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நாற்பத்தேழு வயதில், மண்வெட்டிக் காம்பு பிடித்துக் காய்த்த கையோடு ரசலையன் போய் உட்கார்ந்தான். அகர வரிசையெல்லாம் அவனுக்கு அவசரமில்லை. பட்டியல் புத்தகத்தைக் காட்டி, “இதுல லேலம் எங்க இருக்கு, அதைச் சொல்லித் தாரும்,” என்றான். அவன் முதலில் படித்த எழுத்து லே. அதன் கொம்பை மணலில் எழுதி எழுதிப் பார்த்தான். வீட்டுக்குப் போய் நாயின் முன்னாலும் எழுதினான். அது முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

நாய்க்கும் வயதாயிற்று. பன்னிரண்டாம் வயதில் கண்ணில் பால் விழுந்தது. பல் ஒவ்வொன்றாகப் போனது. பல் போனபிறகு வாயில் எச்சில் நிற்கவில்லை, எந்நேரமும் வடிந்தது. காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாயிற்று. கண் போன நாய் ஒரு மூலையில் கிடக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இது மாறாக ஊர்சுற்றத் தொடங்கியது. இத்தனை நாள் பார்க்காத இடத்தையெல்லாம் கண் போனபிறகு போய்ப் பார்த்தது.

சித்திரையில் காணாமல் போனது. ரசலையன் முன்பெல்லாம் வைகுண்டராஜனின் மாட்டுவண்டியில் உப்புமூட்டை ஏற்றி இறக்கப் போவான். நாய் வண்டிக்கு அடியில், அச்சு நிழலில், ஏழு மைலும் நடந்து வடசேரிச் சந்தைக்கு வரும். அன்றைக்கு அதேமாதிரி மணி கட்டின வேறு எவன் வண்டியோ போயிருக்கிறது. மணிச் சத்தத்தைக் கேட்டு அதன் அடியில் புகுந்து இது போய்விட்டது. இரண்டு நாள் தேடினான். மூன்றாம் நாள் வடசேரிச் சந்தையில், கத்திரிக்காய்க் கும்பலுக்கும் பூசணிக்காய்க் கும்பலுக்கும் நடுவே, ராஜா மாதிரி படுத்திருந்ததைக் கண்டான். காய்கறி விற்கிற தாணம்மாள் சோறு போட்டு வைத்திருந்தாள். கொடுக்க மாட்டேன் என்றாள்.

“இது உனக்க நாயின்னு எப்படிச் சொல்லுதே? நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?”

“பேரு சொல்லிக் கூப்பிடுதேன். வருதா இல்லியான்னு பாத்துக்கோ.”

நாலு எட்டுத் தள்ளிப்போய் நின்று, “லேலம்,” என்றான். சத்தமாகக்கூட இல்லை. அது எழுந்து, காய்கறிக் கும்பலில் ஒன்றையும் மிதிக்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு நடந்துவந்து, அவன் முழங்காலில் முட்டி நின்றது.

“இது என்ன பேருவே? லேலம் விட்ட நாயா?”

“ஆமா.”

“எவ்வளவுக்கு எடுத்தே?”

“ஒம்பது பணம் ரெண்டு சக்கரம்.”

“ஒம்பது பணத்துக்கு நாயா?” தாணம்மாள் தலையில் கைவைத்தாள். “நாயை இல்ல, உன்னையில்லா லேலம் விடணும்! சரி, கொண்டுபோ. பேருக்கு வந்துட்டுல்லா, உனக்க நாயிதான்.”

ஆவணியில் பகவதியப்பன் வீட்டுக் கல்யாணம். அவர் வயல்காரர், பெரிய வீடு. பந்தலில் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு இது போய், வரிசையில் காலியாக இருந்த ஒரு இலையின் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. பரிமாறுகிறவன் கரண்டியை ஓங்கினான். பகவதியப்பன் தடுத்தார். “அடிக்காதே. கண்ணு தெரியாம வந்து பந்தியில இருந்துட்டான். வெளியில ஒரு இலையைப் போட்டுக் குடு.” பாயசம்வரை போட்டார்களாம். அடுத்த வீட்டு ராஜபாய் அதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்தாள்: “ரசலண்ணே, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு உம்மை அழைக்கல. உமக்க நாயைத்தான் அழைச்சிருக்கு.”

ஐப்பசி மழையில் வாய்க்காலில் விழுந்து அடுத்த ஊர் மடைவரை போயிற்று. அங்கே மடையில் சிக்கிய, வெட்டிப்போட்ட வாழைத்தடைமேல் ஏறி நின்று குரைத்துக்கொண்டிருந்தது. துணியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஞானபாய் போனபிறகு அவன் தோளில் இன்னொரு உயிரின் சூடு பட்டது அன்றைக்குத்தான். அந்த ராத்திரி கஞ்சியை அதற்கும் தனக்கும் சரிபாதி வைத்தான்.

அந்த வருஷம் யோவான் உபதேசியார் வேலையை விட்டு ஓய்ந்துபோக, திருநெல்வேலியிலிருந்து ஞானதாசன் என்ற புது உபதேசியார் வந்தார். நல்ல படிப்பு. பட்டியல் புத்தகம் கிழிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, புதுப் புத்தகம் வாங்கி எல்லாவற்றையும் திருத்தமாகப் பெயர்த்து எழுதினார். பிழையென்று கண்டதையெல்லாம் திருத்தினார்.

மாசி பிறந்ததும் தெற்கூரில் வெறிபிடித்த ஒரு பேநாய் புகுந்தது. இரண்டு ஆட்டையும் ஒரு பசுவையும் ஏழெட்டு நாய்களையும் கடித்துவிட்டுச் செத்தது. பசு கட்டுத்தறியிலேயே மதம்பிடித்துச் செத்ததை ஊரே பார்த்தது. பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. உடையவன் உள்ள நாயை, அவன் பொறுப்பேற்றுப் பேர் கொடுத்து, நாற்பது நாள் கட்டிப்போட வேண்டும். உடையவன் இல்லாத நாயை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அடித்துவிட வேண்டும். வேதக்காரத் தெருவில் பேர் எழுதுகிற வேலை ஞானதாசனுக்கு.

வியாழக்கிழமை கோயில் முற்றத்தில் பேர் எழுதினார்கள். ரசலையனும் போய் நின்றான்.

“என் பேரு ரசலையன். நாயி ஒண்ணு. செம்பட்டை. கண்ணு தெரியாது.”

சபைப் பொருளாளர் சத்தியநேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோப்பும் வயலும் உள்ளவர், கெட்ட மனுஷன் இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

“உனக்க நாயா?” என்றார். “அது சபை நாயில்லா? பாக்கி நிக்குதே!”

எல்லாரும் சிரித்தார்கள். ரசலையனும் சேர்ந்து சிரித்தான். ஞானதாசன் சிரிக்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பழைய புத்தகத்திலிருந்து அவரே பெயர்த்து எழுதிய விதி அங்கே இருந்தது: தொகை செலுத்தும்வரை பொருள் சபைக்குச் சொந்தம்.

“அப்படியானா இது இவர் நாய் இல்லையே,” என்றார்.

சத்தியநேசனுக்கு முகம் மாறிவிட்டது. “நான் சும்மா சிரிப்புக்குச் சொன்னேன் உபதேசியாரே. அவனுக்க நாயிதான். ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியலாம். புஸ்தகத்துக்குத் தெரியலையே. வாயில எச்சில் வடியிற நாய்னு இவங்களே சொல்றாங்க. நாளைக்கு அது ஒருத்தரைக் கடிச்சா சபை நாய் கடிச்சதுன்னு ஆகும். யார் பதில் சொல்றது, நீங்களா நானா?”

“அதுக்குக் கடிக்கப் பல்லு இல்ல,” என்றான் ரசலையன்.

“ஐயா, கோபப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியிறதுக்குள்ள பாக்கியைக் கட்டிருங்க. உங்க பேருக்கு ரசீது எழுதித் தர்றேன். அதுக்கப்புறம் அது உங்க நாய், உங்க பொறுப்பு. கட்டலைன்னா மத்த நாய்களோட அதுவும் போகும். நான் என்ன செய்ய?”

வெளியே வரும்போது சத்தியநேசன் பின்னாலேயே வந்தார். “லே ரசலையா, அந்தக் காசை நான் தாரேன். வாங்கிக் கெட்டீரு.”

“நீரு குடுத்தா அது உமக்க நாயா ஆயிரும்,” என்றான் ரசலையன். “எனக்க நாயிக்கு எனக்க காசுதான் வேணும்.”

வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க அவனால் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வேலை தேடி அலைந்தான். அறுப்பு முடிந்துவிட்டது. தேங்காய்க்கு விலை இல்லை, நெல்லுக்கு விலை இல்லை, கிணறு வெட்டுகிறவன் இல்லை, வரப்பு போடுகிறவன் இல்லை. வீட்டில் விற்க என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஞானபாயின் காதுப் பாம்படம் அவள் இருமல் மருந்தோடு போயிற்று. மிஞ்சியது மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியும் கடப்பாரையும்.

சனிக்கிழமை நாயை ராஜபாய் வீட்டுத் தொழுவில் கட்டினான். தேங்காய்நார்க் கயிற்றைக் கழுத்தில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டான்.

“நாளைக்கு உச்சிக்குள்ள வந்துருவேன். அவிழ்த்து மட்டும் விட்டுராதே, ராஜபாய்.”

“நான் எதுக்கு அவிழ்க்கேன்? நீரு காசைக் கெட்டி, அந்தத் திருநெல்வேலிக்காரனுக்க மூஞ்சியில ரசீதை வாங்கிட்டு வாரும்.”

வடசேரியில் பழைய இரும்பு வாங்குகிற கோலப்பன், மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைச் சுண்டினார்.

“நல்ல இரும்பு. இதை வித்துட்டு நாளை என்னத்த வச்சு வெட்டுவே?”

“அப்பம் பாத்துக்கிடலாம்.”

ஏழு பணத்தில் நின்றவரை, கடப்பாரையையும் சேர்த்து வைத்து ஒன்பதுக்குக் கொண்டுவந்தான். இரண்டு சக்கரம் மடியில் இருந்தது. “இப்பம் கையில இல்ல. காலையில கடை தொறந்ததும் வாங்கிக்கோ,” என்றார் கோலப்பன். கடைவாசலிலேயே படுத்துக்கொண்டான். காலையில் அவர் கடை திறக்க வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காசை எண்ணி வாங்கி, மடியில் முடிந்து, ஏழு மைலையும் ஓட்டமும் நடையுமாகத் தாண்டினான். தோளில் மண்வெட்டி இல்லாமல் நடப்பது ஏதோ உடுக்காமல் நடப்பதுபோல இருந்தது.

அவன் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் கோயிலில் இரண்டாம் மணி அடித்தார்கள். அறுப்பின் பண்டிகை மணி. தொழுவில் கிடந்த நாய் எழுந்தது. பதின்மூன்று வருஷம் கேட்ட மணி. கயிற்றை அது கடிக்கவில்லை, கடிக்கப் பல்லும் இல்லை. பின்னால் இழுத்தது. கழுத்து அவ்வளவு மெலிந்து போயிருந்தது, ரசலையன் போட்ட இரண்டு முடிச்சும் முடிச்சாகவே இருக்க, தலை உருவி வெளியே வந்துவிட்டது. ராஜபாய் அதற்கு முன்பே கோயிலுக்குப் போயிருந்தாள். நாய் வேலியோரமாக, மூக்கால் வழி பார்த்து, வாசல்படிக்குக் கீழே வந்து வழக்கமான இடத்தில் படுத்தது. எல்லாரும் உள்ளே இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

பட்டியலை ஞானதாசன் வாசித்தார். “ரசலையன், ஏலம் வகையில், பாக்கி ஒன்பது பணம் இரண்டு சக்கரம்.”

வாசல்படிக்குக் கீழே காதை நிமிர்த்தி வைத்திருந்த நாய் அசையவில்லை. அதன் பேரை யாரும் சொல்லவில்லையே.

உள்ளே ஜனங்களுக்கும் ஏதோ குறைந்தது. பாதிப் பேர் பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் அடுத்த பேருக்குப் போகப் போனார். அங்கே நின்றிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். அவர் அந்தப் பேரைத் தின்றுவிட்டது ராஜபாய்க்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

“உபதேசியாரே, அது ஏலம் இல்ல. எங்க ஊர்ல லேலம்! லேலம்னு வாசியும்!”

நாய் எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. படியேறி, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே, பால்விழுந்த கண்ணை அகல விழித்துக்கொண்டு, நாக்கு தொங்க, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிய, நேராக உள்ளே நடந்தது.

“பேநாயி!” என்று ஒருத்தி கத்தினாள்.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். நாயோ ரசலையனின் பாய் இருக்கிற இடத்தைத் தேடிப் போய், அங்கே அவன் இல்லாததால் வட்டம் சுற்றியது. வட்டம் சுற்றுவது பேநாயின் அடையாளம் என்று எவனோ சொன்னான். பீடத்தின் முன்னால் சாத்தியிருந்த கரும்பை ஒருவன் உருவினான். இன்னொருவன் கதவுக்கட்டையை எடுத்தான். “லேலம், வெளிய போ! லேலம், ஓடு மக்கா!” என்று ராஜபாய் அலறினாள். பேரைக் கேட்டு அது அவள் நின்ற பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கமாகப் பாய்கிறது என்று நினைத்து அடித்துவிட்டார்கள். அதிக நேரம் ஆகவில்லை.

ரசலையன் வரப்பிலிருந்து கோயில் பாதைக்கு ஏறும்போது சத்தம் கேட்டது. லேலம் தொடங்கிவிட்டது, பிந்திப்போயிற்று என்று நினைத்து மடியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முற்றத்தில் எல்லாரும் வழிவிட்டார்கள். நாயைச் சாக்கில் போட்டு வாசல்படிக்குக் கீழே, அது எப்போதும் படுக்கிற இடத்தில் கிடத்தியிருந்தார்கள். பின்னங்கால் ஒன்று சாக்குக்கு வெளியே தெரிந்தது.

ராஜபாய் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். “நான்தான் கூப்பிட்டேன் ரசலண்ணே. நான்தான் கூப்பிட்டுக் கொன்னேன்.”

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். பீடத்துக்குப் பக்கத்து மேசையில் ஞானதாசன் உட்கார்ந்திருந்தார். சத்தியநேசன் நின்றுகொண்டிருந்தார். ரசலையன் மடியை அவிழ்த்து மேசைமேல் காசை வைத்தான்.

“பாக்கி கெட்ட வந்தேன். ஆராதனை முடியல்லியே?”

சத்தியநேசன் காசை அவன் பக்கமாகத் தள்ளினார். “வேண்டாம் மக்கா. அந்த வரியை அடிக்கச் சொல்லிட்டேன். உபதேசியார் அடிச்சிட்டாரு. தள்ளுபடி. இனி உனக்கு ஒரு பாக்கியும் இல்ல.”

“எனக்குத் தள்ளுபடி வேண்டாம். ரசீது தாரும்.”

“பொருளே போனபிறகு எதுக்கு ரசீது எழுத?” என்றார் ஞானதாசன். “வரியை அடிச்சாச்சு ஐயா. வரவு வைக்க இடமில்லை.”

“அப்பம் நாயி ஆருக்கு?”

காசைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு ரசலையன் வெளியே வந்தான். மணியடிக்கிற, கல்லறைக் குழியும் வெட்டுகிற கோயில்பிள்ளை சத்தியராஜ் தூணோரம் நின்றார்.

“ஒரு மம்பட்டி தாரும்.”

“உமக்க மம்பட்டி எங்க?”

ரசலையன் மடியைத் தட்டிக் காட்டினான். “இதுக்குள்ள இருக்கு.”

சபை மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஐப்பசியில் வாய்க்காலிலிருந்து தூக்கிவந்தபோது இருந்த கனந்தான். சூடு மட்டும் இல்லை. குடிசைக்குப் பின்னால் வெட்டினான். பழகாத மண்வெட்டி, காம்பு குட்டை, இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் சுக்கான்பாறை. கடப்பாரை இல்லாமல் முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. அவ்வளவு ஆழத்தில்தான் புதைத்தான். நரி தோண்டாமலிருக்க வாசலில் கிடந்த துணி துவைக்கிற கல்லைப் புரட்டி மேலே வைத்தான்.

மண்வெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. லேலம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு கரும்பு மட்டும் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அதை யாரும் கேட்கவில்லையாம். சத்தியநேசன் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் எழுந்தார்.

“வா ரசலையா. உனக்கு மனசு ஆறணும். இதைப் பாரு. நீதான் வாசிப்பியே, நீயே வாசிச்சுப் பாரு.” புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். “சுத்தமா அடிச்சாச்சு.”

ரசலையன் மண் ஒட்டின விரலை வரியின்மேல் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்தினான். தன் பேரைக் கண்டுபிடித்தான். பேருக்கு அடுத்த சொல்லில் விரல் நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தடவினான். சிவப்பு மையில் இழுத்த கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிந்தது. புது உபதேசியாரின் எழுத்து, அச்சடித்தமாதிரி.

“லே,” என்றான். “லே எங்க?”

சத்தியநேசன் திடுக்கிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவரை லே என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் இன்றைக்கு அதற்கும் நியாயம் உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

“வையணும்னா வையி,” என்றார். “நான் கேட்டுக்கிடுதேன்.”

ரசலையன் வையவில்லை. விரல் கோட்டின் கடைசிவரை போயிற்று. அங்கே தள்ளுபடி என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதி போட்டிருந்தது.